மேசையை விட்டு இறங்காதவன்

யார் கூப்பிட்டாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத ஆளுக்கு நீங்கள் என்ன பேர் வைப்பீர்கள்? அந்த வீட்டில் 'மூட்டை' என்று வைத்திருந்தார்கள்.

கடைத்தெருவுக்குப் போய்விட்டு, அப்படியே பள்ளிக்கூடத்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு மருமகள் வாசலில் கால் வைத்ததுமே மாமியார் பிடித்துக்கொண்டாள். சின்னவன் மத்தியானத்திலிருந்து பட்டறையிலேயே குந்தியிருக்கிறானாம். சிலிண்டர்க்காரன் கத்திக் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் 'அப்புறம்' என்றானாம்.

"சோத்துக்கே எழுந்திருக்காதவன் இனிமே எதுக்கும்மா எழுந்திருப்பான்?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. பட்டறையில் எங்கே என்று கேட்டாள்.

"உன் மேசை மேலதான்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த மேசையில்தான் அவளுடைய வில் இருந்தது. வில்லாகப் போகிற கட்டை என்று சொல்ல வேண்டும். பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்ததை, கிளம்புவதற்கு முன்புதான் ஆவியில் வேகவைத்து, இளகியதும் மேசையில் படுக்கவைத்து, மேலே பலகை போட்டுக் கிளாம்பால் இறுக்கியிருந்தாள். ஆறும்வரை பலகை தளரக் கூடாது. தளர்ந்தால் பழையபடி முறுக்கிக்கொள்ளும். மறுபடி வேகவைத்தால் பிளந்துவிடும்.

வேறு கட்டையும் கைவசம் இல்லை. வில்வித்தை சொல்லித்தரும் டீச்சர் நாளைக்குப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வில் இவளிடம்தான்.

பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் கொழுந்தன். முகமெல்லாம் வியர்வை.

"உட்கார உனக்கு வேற இடமே கிடைக்கலையா? இறங்குப்பா."

"கட்டை ஆறிடுச்சான்னு தொட்டுப் பாருங்க அண்ணி. ஆறலைன்னா இறங்க மாட்டேன்."

அப்போதுதான் கவனித்தாள். பலகையில் கிளாம்பைக் காணோம்.

கட்டையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினான். அவள் கட்டையை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பின்னாலேயே ஓடிவந்த மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள்.

கிளாம்பு எங்கே போச்சு என்று கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான்.

எதிரே சமையலறை. ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலை, பட்டறைக் கிளாம்பு கப்பென்று கவ்விப் பிடித்திருந்தது. அந்த மேசையில் மாமியார் சாவகாசமாகக் காய் நறுக்கிக்கொண்டே, மருமகள் செய்யும் வில்லைப் பற்றி அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமை அளந்துகொண்டிருந்தாள்.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க அண்ணி. கேட்டா, நான் தூங்கிட்டேன்னே சொல்லிடுங்க."