சர்க்கரைக்கு வந்த பழி

“நாக்கைக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்குப் பிள்ளை? எட்டு மாசம் சுமந்து, இனிப்பைத் தின்னே கொன்னுட்டாடா! இவளை அவ அம்மா வீட்டுலயே விட்டுடு.”

மாமியாரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. குழந்தை இறந்தே பிறந்து ஐந்து நாள் ஆகிறது. கட்டிலில் கிடந்த மருமகள் வாயே திறக்கவில்லை. கணவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாமியார்களை இந்த வார்டில் இருபது வருஷமாகப் பார்க்கிறாள். அதைவிட ஆத்திரம், இந்தப் பெண்ணின் மௌனத்தின் மேல். பரிசோதனைக்கு அனுப்பிய நஞ்சுக்கொடியின் ரிப்போர்ட் காலையிலேயே வந்து, டாக்டர் அவளிடம் தனியாகப் பேசியும் ஆயிற்று.

அம்மாவும் மகனும் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் கட்டிலருகே போனாள்.

“ஏம்மா, நீ என்ன ஊமையா? உனக்குச் சர்க்கரை ஏறினது இனிப்பாலயா? குழந்தைக்குச் சத்து போய்ச் சேரணும்னு நஞ்சுக்கொடியே தாயோட இன்சுலினை மட்டுப்படுத்தும். சில பேருக்கு அதுல சர்க்கரை ஏறிடும். அதையும் நீ ஊசி போட்டுக் கட்டுக்குள்ளதானே வெச்சிருந்தே?”

“தெரியும் சிஸ்டர்.”

“குழந்தை போனது கிருமியால. வயித்துல இருக்கிறதுல பாதி அப்பனோடது இல்லையா? உடம்பு அதை அந்நியம்னு எதிர்த்துடக் கூடாதுன்னு, நஞ்சுக்கொடி நம்ம எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். அந்தச் சந்துல கிருமி புகுந்துடுச்சு. ரிப்போர்ட்ல தெளிவா இருக்கு. கொடு, உன் மாமியார் மூஞ்சிக்கு நேரா நானே படிச்சுக் காட்டுறேன்!”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

“அடிப்பாவி! உன் வாழ்க்கையே போயிடும்டி!”

“கிருமி எது வழியா வந்திருக்கும்னு டாக்டர் கேட்டாங்க சிஸ்டர்.” கிழித்த துண்டுகளைக் கைக்குள் கசக்கினாள். “பச்சைப் பால். காய்ச்சினா சத்து போயிடும்னு, தினமும் விடிகாலையில பண்ணைக்கு நடந்தே போய் வாங்கிட்டு வந்து, நான் கடைசிச் சொட்டைக் குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க அத்தை. பேரப்பிள்ளை மேல அவ்வளவு ஆசை. இது தெரிஞ்சா அவங்க உயிரை வெச்சிருப்பாங்களா? நான் இனிப்பு தின்னதாவே இருக்கட்டும்.”