அசையும் முள்

தோட்டாவில் கடுகளவு வெடிமருந்து கூடினாலும் எதிர்ச்சரிவில் நிற்கும் பன்றிக்குக் குறி தப்பிவிடும். அதனால் எட்வின் மருந்து நிறுக்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சுவிடக்கூடாது. தராசு முள் ஆடிவிடும். மனைவி பிலோமி மட்டும் எதிரில் உட்கார்ந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்குவாள். சற்று நேரத்தில் முடியாமல் சிரித்துவிடுவாள். அவள் இறந்தபின் இன்றுதான் அவன் தராசை எடுத்தான். சன்னல்கள் சாத்தியிருந்தன. முள் நிற்கவில்லை. தூங்குகிறவளின் மார்பு போலச் சீராக ஏறி இறங்கியது.

"ஃபேன் ஓடுதா மச்சான்?" என்றான் வாசலில் நின்ற அவள் தம்பி அருள்தாஸ்.

"இல்ல."

"என்னையப் பார்க்காதீங்க. நான் மூச்சே விடல."

எட்வினும் மூச்சை அடக்கிப் பார்த்தான். முள் ஆடியது.

"அப்ப தராசு போச்சு. வேற வாங்குவோம். பன்னி கிழங்கு பூராத்தையும் தோண்டிருச்சு, இன்னைக்கு விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் முள் நின்றது.

"நின்னுருச்சு பாருங்க. தோட்டாவுல கொட்டுங்க மச்சான்."

எட்வின் தட்டைத் தொடவில்லை.

"இரு," என்றான். "ரொம்ப நேரம் அவளால அடக்க முடியாது."