மீன்குளத்துச் சுவரும் சிமெண்ட் மூட்டையும்

ஹவாய்த் தீவொன்றின் கரையில், கடலை மறித்துக் கட்டிய பழைய மீன்குளம் ஒன்று உண்டு. அதன் சுவரில் சாந்து கிடையாது. கல்லுக்குக் கல்தான் துணை. அலை பலமாக அடித்தால் ஒரு பக்கம் சரியும். உடனே ஊரே வந்து வரிசையாக நின்று, பாடிக்கொண்டே கைக்குக் கை கல்லை மாற்றி அடுக்கும்.

ஒருமுறை யாரோ நல்ல மனசோடு ஒரு சிமெண்ட் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சரிந்து கிடந்த கல்லிடம் மூட்டை சொன்னது: "எத்தனை காலம்தான் விழுந்து விழுந்து எழுந்திருப்பாய்? என்னைப் பூசட்டும். அப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை."

"ஒருத்தருமா?" என்றது கல்.

"ஒருத்தரும்தான்," என்றது மூட்டை பெருமையாக.



குளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலியா மூட்டையைக் கண்டதும் கத்தினாள். "கல் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டால் கடல் எப்படி உள்ளே வரும்? மீன் என்ன ஆகும்?"

மூட்டை கரையிலேயே கிடந்தது. மழையில் நனைந்து, இறுகி, கட்டியாகிப் போனது.

அடுத்த பெரிய அலையில் சுவர் மறுபடி சரிந்தது. ஊர் வந்தது. அவசரத்தில் யாரோ அந்தக் கட்டியையும் கல்லென்று தூக்கி வரிசையில் கொடுத்துவிட்டார்கள். வலை இழுக்கிற கை, கிழங்கு இடிக்கிற கை, நடுங்குகிற கை என்று எல்லாக் கையையும் தாண்டி அது மாலியாவிடம் வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. பின்னாலேயே அடுத்த கல்லும் வந்துவிட்டது. கட்டியைச் சுவரின் வயிற்றுக்குள் செருகினாள்.

ஊர் கலைந்து போனது. கட்டி பக்கத்துக் கல்லிடம் ஆசையாகக் கேட்டது:

"அடுத்த அலை எப்போது வரும்?"