மேடைக்கு வராத மிருகம்

நாடகம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை.

பின்வரிசையில் ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தார். அப்புறம் தூறல் வலுப்பதுபோல ஒவ்வொருவராகத் தட்டினார்கள். அப்பாடா.

மோகனப்பிரியா எழுதி இயக்கிய முதல் நாடகம். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி, சனிக்கிழமை மத்தியானக் காட்சி. வெளியே நல்ல வெயில். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் இன்னும் இருட்டு தெளியவில்லை.

கதை இதுதான். நாலாவது மாடி வீட்டில், குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டி, இப்போது தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்ட்டருக்குள் ஒரு காட்டு மிருகம் இருக்கிறது என்று ஒரு பெண் நம்புகிறாள். வேறு யாரும் நம்பவில்லை. மிருகம் கடைசிவரை மேடைக்கு வராது. இருட்டில் அதன் மூச்சு மட்டும் கேட்கும்.

இழுக்கும். நிற்கும். ஐயோ, நின்றே போய்விட்டதோ என்று நமக்குப் பக்கென்று ஆனபிறகு மறுபடி இழுக்கும்.

ஜனங்கள் டீயும் கையுமாக வெளிக்கூடத்தில் நின்று அந்த மூச்சைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புலிதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். புலியாவது கிலியாவது, பாசிர் ரிஸ் பஸ் ஸ்டாப்பில் நம்மை முறைத்துப் பார்த்ததே அந்தக் காட்டுப்பன்றி, அதேதான் என்றாள் அவர் மனைவி. படியோரம் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே, அது மிருகமே இல்லை, என் மாமியார் என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ஆமாம் போட்டார்கள்.

"ஒரு வாலாவது காட்டியிருக்கலாம் லா," என்றான் நிதீஷ் என்ற பாலிடெக்னிக் பையன்.

மோகனப்பிரியா எல்லாருக்கும் தலையாட்டினாள். கண் மட்டும் அரங்கத்தின் கதவிலேயே இருந்தது.

அம்மா இன்னும் வெளியே வரவில்லை.

அப்பா ரகுபதி இறந்துபோனதிலிருந்து அம்மா பஞ்சவர்ணத்துக்குத் தூக்கம் கிடையாது. பாலிகிளினிக் மாத்திரை, ஜாதிக்காய் போட்ட பால், யாரோ சொன்னார்கள் என்று காலில் விளக்கெண்ணெய். ஒன்றுக்கும் மசியவில்லை. அசதியில் கண்ணை மூடுவாள், உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வீடு ரொம்ப அமைதியா இருக்குடி என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மோகனப்பிரியா ஒரு காரியம் செய்திருந்தாள். அப்பாவுடைய ஒன்றை எடுத்து ஊரார் முன்னால் வைத்துவிட்டாள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

நாடகம் நடக்கும்போது விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் அம்மாவின் தலை கவிழ்ந்தே கிடந்தது. முந்தானை முகத்தில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். அழுகிறாள். படுபாவி, பெற்ற தாயை இருட்டில் உட்காரவைத்து அழவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயார் பண்ணியிருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை.

பூன் லேயிலிருந்து வந்திருந்த தமிழாசிரியை சந்திரமதி அவளை மடக்கிப் பிடித்தார். விலாவைத் தடவிக்கொண்டே வந்தார்.

"நாடகம் கிடக்கட்டும்மா. என் பக்கத்து சீட்டுல இருந்தாங்களே, அது உங்கம்மாவா? அந்த மூச்சு ஆரம்பிச்சதுமே தூங்கிட்டாங்க. தூக்கத்துலயே எனக்கு முழங்கையால ஒரு இடி! 'ஏங்க, ஒருக்களிச்சுப் படுங்க'ன்னு அதட்டல் வேற!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மோகனப்பிரியா கதவுப் பக்கம் திரும்பினாள்.

அப்பா கடைசிவரை ஒத்துக்கொண்டதே இல்லை. நானா? குறட்டையா? சும்மா கதை விடாதீங்க என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் அசந்தபோது, போனில் பதிந்து போட்டுக் காட்டினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"இது நான் இல்ல. ஏதோ காட்டு மிருகம் வீட்டுக்குள்ள பூந்திருக்கு," என்றார்.

அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

மேடையில் மிருகத்தின் மூச்சாகக் கேட்டது அந்தப் பதிவுதான். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் பஞ்சவர்ணம் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நாற்காலித் துணியின் வரி பதிந்திருந்தது. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். அந்த முகத்தை மோகனப்பிரியா பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"அம்மா..." என்றாள்.

பஞ்சவர்ணம் மேடையின் இருட்டைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

"நாளைக்கும் ஷோ இருக்குல்ல? இதே சீட்டு போடு. பக்கத்துல யாரையும் உட்கார வைக்காதே."