மருதப்பனின் ஐஸ் ஹாக்கி உத்தியோகம்

ஏழாவது தடவை விழுந்தும் மருதப்பனுக்கு ஓர் எலும்புகூட முறியவில்லை.

என்ன உடம்படா சாமி இது! மல்லாந்து விழுந்தாயிற்று, குப்புற விழுந்தாயிற்று, ஒரு வெள்ளைக்காரன் மேலேயே விழுந்தாயிற்று. ஒரு சிராய்ப்பு உண்டா? கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கேளிக்கைப் பூங்கா அரங்கில் தரை முழுக்க ஐஸை உறைய வைத்து, ஒரு வெளிநாட்டு நடனக் குழு கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் ஜனம் அதுவரை ஐஸைப் பார்த்தது மீன் கூடையிலும், ஐஸைத் துருவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கிலும்தான். நடனத்துக்கு நடுவே சிரிப்புக்காகப் பதினைந்து நிமிஷம் ஐஸ் ஹாக்கி. வந்தவர்கள் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம்.

உள்ளூர்க்காரர்களைக் கொடுத்தது மருதப்பன் வேலை பார்த்த ரப்பர் கம்பெனி. ஹாக்கி என்றால் ஹாக்கிதானே என்று கம்பெனித் துரை தன் அணியிலிருந்து ஐந்து பேருக்குக் கத்தி வைத்த பூட்ஸை மாட்டி அனுப்பிவிட்டார்.

ஆனால் மருதப்பன் புல் தரையில்கூட ஹாக்கி ஆடியதில்லை. அதுதான் வினை.

ஹாக்கி ஆட்டக்காரர்களுக்குக் குமாஸ்தா வேலையில் முன்னுரிமை என்று இரண்டு மாதம் முன்பு கம்பெனி விளம்பரம் போட்டது. மருதப்பனோ, மலாயாவில் கிள்ளான் ஊரில் ஐந்து வருஷம் முன்வரிசையில் ஆடியவன் என்று கூசாமல் புளுகி எழுதிக் கொடுத்தான். தேர்வு நாளன்று பேய் மழை. அணியின் பயிற்சியாளர் ரவூப் குடைக்குள் நின்றபடி நாலு கேள்வி கேட்டார், தலையை ஆட்டினார், வேலை கிடைத்துவிட்டது. ரவூபும் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரராம். ஏதோ சிக்கலில் ஆட முடியாமல் போய்விட்டதாகக் கம்பெனியில் பேச்சு.

அந்த வேலையை நம்பித்தான் தேக்கா மார்க்கெட் கோவிந்தசாமி தன் மகள் சிவகாமசுந்தரியைக் கொடுக்கச் சம்மதித்தார். அடுத்த மாதம் கல்யாணம்.

கம்பெனி அணியின் முதல் லீக் ஆட்டமோ அடுத்த சனிக்கிழமை, புல் தரையில்.

ஐஸில் எல்லோரும்தான் விழுகிறார்கள், இங்கே பயமில்லை. புல் தரையில் மட்டையைப் பிடிக்கிற பிடியிலேயே குட்டு உடைந்துவிடும். வேலை போகும். வேலை போனால் சிவகாமசுந்தரியும் போவாள். அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

அதனால்தான் வீரமாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தான். தாயே, ஒரே ஒரு எலும்பு. தாலி கட்டக் கை வேண்டும், அதனால் காலில் எதையாவது பார்த்துச் செய். மணவறையை நொண்டிக்கொண்டே சுற்றிக்கொள்கிறேன்.

எட்டாவது தடவை விழுந்தவன் வயிற்றால் வழுக்கிக்கொண்டே போனான். வழியில் கிடந்த, பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வில்லை அவன் நெஞ்சுக்கடியில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. வில்லை, மருதப்பன், எதிரணி கோல் கீப்பர், மூவரும் ஒன்றாக வலைக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

கோல்!

அந்த ஆட்டத்திலேயே விழுந்த ஒரே கோல். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

கேலரியில் கோவிந்தசாமி கடலைப் பொட்டலத்தை வீசி எறிந்துவிட்டு, "நம்ம மாப்பிள்ளை லா!" என்று கத்தினார். துரை தடுப்பு வரைக்கும் ஓடி வந்து, சனிக்கிழமை முழு ஆட்டமும் நீதான் என்றார். மருதப்பன் அவசரமாகக் காலைத் தடவிப் பார்த்தான், இன்னும் முழுசாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ரவூப் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"கோல் போட்டவனுக்குப் பத்து வெள்ளி பணமா குடுக்குறாங்க. கையெழுத்துப் போடு."

"வேணாம்ணே, சும்மா விளையாண்டதுதானே?"

"போடு லா!" என்று பேனாவை அவன் விரலிடுக்கில் செருகினார்.

மை காய்வதற்குள் துரையிடம் போய், துக்கம் விசாரிக்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். லீக் என்பது காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு. ஹாக்கி ஆடி ஒரு காசு வாங்கினாலும் அவன் தொழில்முறை ஆட்டக்காரன். ஆயுசுக்கும் லீக்கில் கால் வைக்க முடியாது.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். இப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனின் வாழ்க்கை தன்னால் பாழாகிவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருதப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கம்பெனி இருக்கும்வரை உன் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது என்று சத்தியம் செய்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே போனார்.

மருதப்பனுக்குச் சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை. ஒன்பதாவது தடவையும் விழுந்தான். கிடந்தபடியே ரவூபைப் பார்த்தான்.

"இந்த விதியெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அம்பதாம் வருஷம் இங்க ஒரு சர்க்கஸ் வந்துச்சு. யானையோட ஹாக்கி. அஞ்சு வெள்ளி குடுத்தாங்க, வாங்கிட்டேன். அதோட லீக் போச்சு."

"ஐயோ! அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் ஆடினீங்க?"

துரை போய்விட்டாரா என்று ரவூப் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி நான் மட்டையையே பார்த்ததில்ல தம்பி. அன்னைக்கு எங்க பக்கம் ஜெயிச்சதுகூட யானை போட்ட கோல்லதான்."