யார் என்ன பண்ணதை?

"என் தம்பியை நான் திருட விடலை" என்றார் நசீஹ், நெஞ்சில் கை வைத்து.

"அவர் காரை எடுத்ததை நான் பார்க்கவே இல்லை" என்றாள் பக்கத்தில் இருந்த செலமாவிட்.

"சபாஷ்" என்றாள் க்ளெனிஸ். "ரெண்டு பேர் முழியும் சரியில்லை. ஆனா இங்கிலீஷ் சுத்தம்."

மெல்போர்னின் மேற்குப் பக்கம் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் ஒரு பௌலிங் கிளப்பின் பின்அறை. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு க்ளெனிஸ் சம்பளம் வாங்காமல் நடத்தும் ஆங்கில வகுப்பு. அன்றைய பாடம், நடந்து முடிந்ததை மறுப்பது: இன்னார் இன்னதைச் செய்ததை நான் பார்க்கவில்லை, செய்ய விடவில்லை.

"லியென், நீங்க சொல்லுங்க."

எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரி லியென் எழுந்தாள். ஊர் கண் விழிக்கும் முன்பே அடுப்பு மூட்டுகிறவள். பேரம் பேசினால் மாவு வியாபாரிக்கு அழுகை வந்துவிடும். வகுப்பில் மட்டும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள்.

"நான் பார்க்கலை."

"யார் என்ன பண்ணதை?"

லியென் சிரித்தாள். அதற்கு மேல் வரவில்லை.

"கடையில பாக்கிச் சில்லறை கேட்டாலும் இப்படித்தான் சிரிக்குது, டீச்சர்" என்றார் நசீஹ்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கிளப் தலைவர் கோலின். தெருமுனைக்குப் பால் வாங்கக்கூடக் காரில் போகிறவர், நடந்து வந்த மூச்சிரைப்போடு நின்றார்.

"வெளிய வந்து பாரும்மா க்ளெனிஸ், உன் ஆளுங்க பண்ண காரியத்தை."

க்ளெனிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பளம் போல வளர்த்த பந்துருட்டும் புல்தரை. செருப்போடு மிதித்தால்கூட அபராதம். அதன் நடுவே ஒரு காரின் டயர், உழவு ஓட்டியது போல இரண்டு சால் இழுத்துவிட்டுப் போயிருந்தது.

"நேத்து விருந்து முடியற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. விடியறதுக்குள்ள எவனோ ஏத்திட்டான். எவன்?"

வகுப்பு உற்சாகமாக நிமிர்ந்தது. பாடத்துக்கு இப்படி ஒரு பரீட்சை யாருக்குக் கிடைக்கும்?

"யாரும் ஏத்தினதை நான் பார்க்கலை" என்றார் நசீஹ்.

"யாரையும் நான் ஏத்தச் சொல்லலை" என்றாள் செலமாவிட்.

"கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக் குடுத்திருக்கே" என்றார் கோலின். "யாரும் பார்க்கலைன்னா பண்ணது இங்க இருக்கிற யாரோதான். அந்த ரொட்டி வேன் தினம் இந்த வாசல்லதானே நிக்குது? எனக்குப் போதும். ரூம் சாவியைக் குடு. இன்னையோட வகுப்பு முடிஞ்சுது."

 வாடகை இல்லாத அறை க்ளெனிஸுக்கு வேறு எங்கும் கிடைக்காது. வகுப்பு போனால் மிச்சம் இருப்பது வீட்டில் டிவியும் புருஷனும்தான். இரண்டையும் அணைக்கும் பொத்தான் வேலை செய்வதில்லை.

"இவங்க செய்யலை, கோலின். எனக்காகக் கொஞ்சம்..."

"சாவி."

அவள் சாவியை எடுத்தாள். கோலின் கை நீட்டினார். நீட்டிய கையில் சாவிக்குப் பதில் ரொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது.

பையிலிருந்து எடுத்து வைத்தவள் லியென். "சாப்பிடுங்க, கோலின். காலையில சுட்டது" என்றாள். பிறகு கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலவே நேராக நின்றாள்.

"நான் பார்க்கலை."

நின்றுவிட்டாள்.

இந்த இக்கட்டிலும் க்ளெனிஸின் வாத்தியார் நாக்கு சும்மா இருக்கவில்லை. "யார் என்ன பண்ணதை, லியென்?"

லியென் கோலினைப் பார்த்துச் சிரித்தாள். மாவு வியாபாரிக்கு மட்டுமே பழக்கமான சிரிப்பு.

"நீங்க உங்க காரைப் புல்லு மேல ஏத்தினதை, கோலின். இந்த ரூம் எங்ககிட்ட இருக்கிற வரைக்கும்."