கோரைக்குள் சிட்டிபாபு

பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் பிற்பகல் வெயில் தகரமாய் மினுங்குகிறது. கரையில் பூவராகன் மண்டியிட்டிருக்கிறான். வாத்து வேட்டைக்கென்று தோள்பையில் போட்டு வரும், கல்லில் விழுந்தாலும் உடையாத, ரப்பர் உறை மாட்டிய குட்டி டெலஸ்கோப் அவன் கண்ணோடு ஒட்டியிருக்கிறது. அவன் சுட்டு வீழ்த்திய வாத்தை எடுக்கப் போன தங்கை புருசன் சிட்டிபாபு, அந்த வட்டத்துக்குள் மார்வரை சேற்றில் புதைந்து, ஒரு பிடி கோரையைப் பற்றிக்கொண்டிருக்கிறான். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. வாய் திறந்து திறந்து மூடுகிறது; குரல் மட்டும் வந்து சேரவில்லை. கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும். வெறுங்கண்ணுக்கு எங்கும் ஒரே பச்சை. "அண்ணா, அவரு கீறாரா?" என்று பக்கத்தில் நின்று கேட்கிறாள் தங்கை அங்காளம்மா. "கீறான்மா." பனங்கட்டைத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகும் ஊர்க்காரர்கள் இருவருக்கும் கேட்கும்படி, "லெப்டுல போ! இன்னும் லெப்டுல!" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். கோரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. சேறு தோளுக்கு ஏறுகிறது, மோவாயைத் தொடுகிறது. கண்ணீரில் கண்ணாடி மங்குகிறது, துடைக்கப் பயமாயிருக்கிறது. தெப்பக்காரன் ஒருவனின் முதுகு வந்து வட்டத்தை அடைத்துக்கொள்கிறது. "இன்னா தெரியுது? சொல்லுண்ணா!" அந்த முதுகு குனிகிறது, குனிந்தபடியே இருக்கிறது. அங்காளம்மா அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். முதுகு மெல்ல விலகுகிறது. கட்டையின் மேல் சேறு அப்பிய ஒரு தலை கிடக்கிறது. தோள்கள் ஒருமுறை குலுங்குகின்றன, மறுபடி குலுங்குகின்றன. பூவராகன் கண்ணை எடுக்கவேயில்லை. "இருமுறான்மா," என்கிறான். "இருமுறான்."